தோட்டத்து ஊருக்குத் திரும்புவோர் முதலில் மாற்ற வேண்டியது முகவரி

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் பத்தாங் பெர்ஜுந்தை என்ற எங்கள் ஊரின் பெயர் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. ஆஸ்திரேலியாவில் 11 ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பிய என்னை, ஊரின் பெயரைவிட வீட்டின் முகவரிதான் அதிகம் அலையவிட்டது. கோல சிலாங்கூரில் தேசியப் பதிவிலாகா அதிகாரி என் அடையாள அட்டையிலிருந்த தோட்டத்துப் பெயரையும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் வீட்டு எண்ணையும் வாய்விட்டுப் படித்து, இந்த வீடு இன்னும் இருக்கிறதா என்று மலாயில் கேட்டார். அந்த லயம் நின்ற இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது.

ஆகவே, திரும்பி வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை மைகார்ட் எனப்படும் அந்த அடையாள அட்டையில் முகவரியை மாற்றுவதுதான். புதிய வீட்டில் குடியேறிய 30 நாட்களுக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், தம்பி வீட்டிலோ அக்காள் வீட்டிலோ தற்காலிகமாகத் தங்குவோர், அந்த வீட்டு மின்கட்டண ரசீதையும் கையோடு கொண்டுபோவது நல்லது.

அடுத்து வங்கிக் கணக்கைப் பாருங்கள். நான் விட்டுச்சென்ற சேமிப்புக் கணக்கைப் பற்றி வங்கி அனுப்பிய கடிதங்கள், எப்போதோ மூடப்பட்ட தோட்ட அலுவலகத்திற்கே போயிருக்கின்றன. 7 ஆண்டுகள் எந்தப் பரிவர்த்தனையும் நடக்காத கணக்கிலுள்ள பணம், கோரப்படாத பணமாகக் கருதப்பட்டு அரசின் பதிவாளரிடம் ஒப்படைக்கப்படும். அது தொலைந்துபோன பணமன்று. இகுமிஸ் (eGUMIS) என்ற இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொண்டு தேடி, விண்ணப்பித்துப் பெறலாம். ஊழியர் சேமநிதியில் பழைய சந்தா இருந்தால், அங்கும் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் புதுப்பியுங்கள். 2024 மே மாதம் முதல் 55 வயதுக்குட்பட்டோரின் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது என்பதால், அறிக்கையைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

சில வேலைகளை ஊருக்கு வருமுன்பே முடித்தாக வேண்டும். டேலண்ட்கார்ப் என்ற அரசு நிறுவனம் நடத்தும் திரும்பும் வல்லுநர் திட்டத்தில் அங்கீகாரம் பெற்றால், வேலை வருமானத்திற்கு 5 ஆண்டுகள் 15 விழுக்காடு என்ற ஒரே விகிதத்தில் வரி கட்டலாம்; ஆனால் வெளிநாட்டில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். வந்திறங்கிய பிறகுதான் எனக்கு இது தெரியவந்தது. அங்கே பிறந்த பிள்ளையின் பிறப்பை 1 ஆண்டுக்குள் மலேசியத் தூதரகத்தில் பதிந்துவிடுங்கள். அதை விட்டுவிட்டால், தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுக்குப் பெயர் பதியப் போகும்போது பிள்ளையின் குடியுரிமையே கேள்வியாகிவிடும்.

தோட்டப்புறத்தில் பேருந்தை நம்பி வேலைக்குப் போக முடியாது என்பதை நீங்களே அறிவீர்கள். வாகனமோட்டும் உரிமம் காலாவதியாகி 3 ஆண்டுகள் கடந்துவிட்டால் மீண்டும் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து தேர்வெழுத நேரிடும். எனவே அந்த எல்லை நெருங்குமுன், தீபாவளி விடுமுறைக்கு வரும்போதே அதைப் புதுப்பித்துக்கொண்டு திரும்புங்கள்.