பழைய ஜப்பானியப் படத்தின் மீட்டெடுப்பை எடைபோடும் முறை

மீட்டெடுக்கப்பட்ட பழைய ஜப்பானியப் படம் ஒன்று புளூ-ரேயாகவோ 4கே டிஸ்காகவோ வெளிவரும்போது, அட்டையில் இருக்கும் எண்ணையும் படத்தின் பளிச்சென்ற தோற்றத்தையும் வைத்தே பலர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இந்தப் படம் எந்தச் சுருளிலிருந்து எடுக்கப்பட்டது, அந்தச் சுருளில் இருந்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் நம் வீடுவரை கொண்டுவந்திருக்கிறார்களா என்று கேட்டுப் பார்ப்பதே சரியான தொடக்கம். அகிரா குரோசாவாவின் 'செவன் சாமுராய்' (1954) படத்தை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதைச் செய்யும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் மூலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அக்காலத்து ஜப்பானிய ஸ்டுடியோக்களில் திரையரங்குப் பிரிண்டுகளை அசல் நெகட்டிவிலிருந்தே (கேமராவில் ஓடிய முதல் சுருள்) நேரடியாக எடுக்கும் வழக்கம் இருந்ததால், புகழ்பெற்ற படங்களின் நெகட்டிவ்களே அதிகம் தேய்ந்தன. 'செவன் சாமுராய்' படத்தின் அசல் நெகட்டிவ் இன்று இல்லை. இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) நெகட்டிவ் தீயில் அழிந்தது. 2008இல் குரோசாவாவின் 'ரஷோமோன்' மீட்டெடுக்கப்பட்டபோது, அசல் நெகட்டிவிலிருந்து 1962இல் எடுத்த ஒரு பிரிண்டையே மூலமாகக் கொள்ள வேண்டியிருந்தது. படம் ஒரு சுருளிலிருந்து இன்னொன்றுக்குப் படியெடுக்கப்படும் ஒவ்வொரு முறையும் நுண்விவரம் சற்று மங்கும், கிரெயின் (சுருளுக்கே உரிய நுண்புள்ளிகள்) கூடும், கருமைக்கும் வெண்மைக்கும் இடையிலுள்ள சாம்பல் நிறங்கள் குறையும். ஆகவே, இரண்டாம் மூன்றாம் தலைமுறைப் படியிலிருந்து வந்த டிஸ்க் சற்று மென்மையாகத் தெரிந்தால் அது குற்றமாகாது; அப்படிப்பட்ட படம் கத்திபோல் கூர்மையாகத் தெரிந்தால்தான் ஐயப்பட வேண்டும். டிஸ்குடன் வரும் கையேட்டிலோ படத்தின் தொடக்க அறிவிப்பிலோ மூலம் எது என்பது சொல்லப்பட்டிருக்கும். அது சொல்லப்படாத வெளியீட்டை நான் கூடுதல் கவனத்தோடுதான் பார்ப்பேன்.

அடுத்து உங்கள் தொலைக்காட்சியைச் சரிசெய்யுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் இரைச்சல் நீக்கத்தையும் (படத்தின் நுண்புள்ளிகளை மழுக்கும் வசதி) அணைத்து, ஷார்ப்னெஸ் அளவைச் செயற்கைக் கூர்மை சேராத நிலைக்கு இறக்கி, சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் பயன்முறைக்கு மாற்றி, அறையை இருட்டாக்கிக்கொள்ளுங்கள். 4கே டிஸ்க் என்றால் திரையின் உயரத்தைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தூரத்தில் அமருங்கள். இணையத்தில் வரும் நிறுத்தப்படங்களை நம்பித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். கிரெயின் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறிக்கொண்டே இருப்பது; ஓடும் படத்தில் அது உயிர்த்துடிப்பாகவும், நிறுத்தி வைத்த படத்தில் வெறும் புள்ளிகளாகவும் தெரியும்.

இனி படத்துக்குள் வரலாம். சாமுராய்களின் தலைவராக ஷிமுரா தகாஷி ஏற்ற காம்பெய் பாத்திரம் தலையை மழித்துக்கொண்ட பிறகு, படம் முழுவதும் அந்தத் தலையைத் தடவிக்கொண்டே இருக்கும். அருகிலிருந்து எடுத்த காட்சிகளில் அந்தக் குறுமுடியும் தோலின் மடிப்புகளும் தனித்தனியே தெரிகின்றனவா என்று பாருங்கள். தோல் மெழுகு பூசியதுபோல வழுவழுப்பாக இருந்தால் இரைச்சல் நீக்கம் அளவு மீறியிருக்கிறது. கேமரா நகரும்போது பின்னணியில் கிரெயின் உறைந்து நின்றாலோ, ஓடுகிறவர்களின் பின்னால் சிறு கறை இழுபட்டாலோ அதே குற்றம்தான். தொடக்கத்தில் வானத்தை ஒட்டிய மேட்டில் குதிரை வீரர்கள் நிழலுருவாகத் தோன்றும் காட்சியில், அவர்களின் விளிம்பைச் சுற்றி மெல்லிய வெண்கோடு ஓடினால் செயற்கைக் கூர்மை ஏற்றப்பட்டிருக்கிறது. ஒரு காட்சி மற்றொன்றைத் தள்ளிக்கொண்டு வரும் வைப் இடங்கள் அக்காலத்தில் ஆப்டிகல் பிரிண்டரில் மறுபடியும் படமெடுத்து உருவாக்கப்பட்டவை. அங்கே கிரெயின் சட்டென்று பருத்து, வைப் முடிந்தபின் இயல்புக்குத் திரும்புவதே இயற்கை. அந்த வேறுபாடே தெரியவில்லை என்றால் படம் முழுவதும் வடிகட்டப்பட்டிருக்கக்கூடும்.

ஆனால் என் கணிப்பில் எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை மழைதான். தூசியையும் கீறல்களையும் தானாக நீக்கும் மென்பொருள், ஒரே ஒரு ஃபிரேமில் தோன்றி அடுத்ததில் மறையும் பொருளைக் குறையென்று எடுத்துக்கொள்ளும். மழைத்துளியும் பறக்கும் அம்பும் நீர்த்தெறிப்பும் தீப்பொறியும் அப்படித்தான் தோன்றி மறைகின்றன. ஒவ்வொரு ஷாட்டையும் மனிதர்கள் கண்ணால் பார்த்துச் சரிபார்க்காவிட்டால், கீறலோடு சேர்த்து மழையும் துடைக்கப்பட்டுவிடும். 'செவன் சாமுராய்' படத்தின் இறுதிப் போரைச் சேற்றிலும் கொட்டும் மழையிலும் பல கேமராக்களை வைத்து குரோசாவா எடுத்தார். அந்தப் பகுதியை ஒருமுறை இயல்பான வேகத்திலும், ஒருமுறை ஃபிரேம் ஃபிரேமாகவும் ஓட்டிப் பாருங்கள். மழைக்கோடுகள் பாதியில் அறுந்திருக்கின்றனவா, குதிரைக் குளம்படியில் எழும் சேற்றுத்துளிகள் ஒரு ஃபிரேமில் இருந்து அடுத்த ஃபிரேமில் காரணமின்றி மறைகின்றனவா, வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு நடுவானில் காணாமல்போகிறதா என்று கவனியுங்கள். பழைய டிவிடி கையில் இருந்தால் அதே இடங்களை அதிலும் பார்த்து ஒப்பிடுங்கள். தெளிவில் பின்தங்கிய அந்த டிவிடியிலேயே மழை முழுமையாக இருந்து, புதிய டிஸ்கில் இல்லாமற்போனால் வேறு சான்று வேண்டியதில்லை. 'ரஷோமோன்' படத்தின் வாயிற்காட்சியில், வெளிறிய வானத்துக்கு எதிரே மழை தெரியவில்லை என்பதால் தண்ணீரில் கறுப்பு மை கலந்து பொழியவிட்டதாகக் குரோசாவா தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அத்தனை பாடுபட்டு வரவழைத்த மழையை ஒரு கணினி நிரல் கீறலென்று அழித்துவிட்டால் அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. சுருளில் தங்கிவிட்ட பத்துக் கீறல்களைப் பொறுத்துக்கொள்வேன்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் அடுத்துப் பார்க்க வேண்டியது சாம்பல் நிறங்களின் அடுக்கு. இரவில் ஆலை எரியும் காட்சியில் தீயின் நடுவிலும் வடிவம் தெரிய வேண்டும். அதேவேளை நிழலில் நிற்பவர்களின் உடை கரியாக மூழ்கிவிடக்கூடாது. இருட்டுக் காட்சிகளை யாவும் தெரியும்படி வெளுப்பாக்கிவிடுவதும் தவறுதான். இரவு இரவாகவே இருக்கட்டும். ஒரே ஷாட்டுக்குள் வெளிச்சம் படபடத்தால் அது பெரும்பாலும் மூலச்சுருளின் சிதைவு, அதை ஓரளவு தணித்திருந்தாலே பாராட்டலாம்.

வண்ணப் படங்களில் இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் என்ன வண்ணத்தை விரும்பினார்கள் என்று தெரியாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. கினுகாசாவின் 'கேட் ஆஃப் ஹெல்' (1953) எடுக்கப்பட்ட ஈஸ்ட்மேன்கலர் சுருளின் சாயம் காலப்போக்கில் மங்கிவிடக்கூடியது என்பதால், ஒவ்வொரு அடிப்படை வண்ணத்தையும் தனித்தனியே பதிந்துவைத்த, சாயமே இல்லாத கறுப்பு வெள்ளைப் பிரிப்புச் சுருள்கள் மீட்டெடுப்புக்குக் கைகொடுத்தன. ஓசு தன் முதல் வண்ணப்படமான 'ஈக்வினாக்ஸ் ஃபிளவர்' (1958) படத்துக்கு அக்ஃபா சுருளைத் தேர்ந்ததற்கு அதன் சிவப்பே காரணம். அந்த வீட்டில் இருக்கும் சிவப்புக் கெட்டில் ஆரஞ்சாகவோ பழுப்பாகவோ தெரிந்தாலோ, முகங்களிலும் வெள்ளைச் சுவர்களிலும் பச்சை படர்ந்தாலோ வண்ணத் திருத்தம் வழிதவறியிருக்கிறது. அதற்கு மாறாக, இச்சிகாவா கோனின் 'ஹெர் பிரதர்' (1960) வெளிறித் தெரிவது சரியே. சுருளைக் கழுவும்போது வழக்கமாக நீக்கப்படும் வெள்ளியை ஒளிப்பதிவாளர் மியாகவா கசுவோ வேண்டுமென்றே எஞ்சவிட்டுப் பெற்ற தோற்றம் அது. அதை யாராவது செழிப்பாக்கியிருந்தால் படத்தையே மாற்றிவிட்டதாகப் பொருள்.

ஒலியையும் விட்டுவிடாதீர்கள். 'செவன் சாமுராய்' மோனோ (ஒற்றைத் தட) ஒலிப்பதிவு கொண்டது. டிஸ்கில் சரவுண்டு ஒலி சேர்க்கப்பட்டிருந்தாலும் மோனோவைத் தேர்ந்தெடுத்துக் கேளுங்கள். மோனோவே இல்லாவிட்டால் அது குறைதான். சற்று இரைச்சல் இருப்பது இயல்பு. இரைச்சலை முற்றிலும் நீக்கும் முயற்சியில் உயர் ஓசைகளும் போய்விடும். அப்போது மழை பஞ்சுப்பொதிக்குள் பெய்வதுபோலக் கேட்கும், தலைப்பு வரும்போது ஒலிக்கும் இசையமைப்பாளர் ஹயாசகாவின் முரசுகள் அதிர்வை இழந்திருக்கும். 'தி ஹிடன் ஃபோர்ட்ரஸ்' (1958) பெர்ஸ்பெக்டா என்ற முறையில் ஒலியைத் திரையின் பக்கங்களுக்கும் அனுப்பிய படம் என்பதால், அதற்கு மட்டும் மோனோ மட்டும் இருந்தால் போதாது.

ஓடும் நேரத்தையும் சட்டகத்தையும் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். இடைவேளையோடு சேர்த்து 'செவன் சாமுராய்' முழுப்படம் 207 நிமிடம். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் பழைய ஐரோப்பிய டிவிடிகளில் அதே படம் ஏறத்தாழ 199 நிமிடம் காட்டும், அது வெட்டு அல்ல. சட்டகம் 1.37க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும், திரையின் இருபுறமும் கறுப்புப் பட்டைகள் வருவது சரியானதே.

படத்தின் முடிவில் கேமரா மேலெழுந்து, வாள் நட்ட நான்கு புதைமேடுகளைக் காட்டும்போது காற்று வீசிப் புழுதி பறக்கும். தூசி நீக்கும் மென்பொருளுக்கு அந்தப் புழுதியும் தூசிதான். அது பறந்துகொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிஸ்கை வெளியே எடுங்கள்.