ஸ்ட்ரோக் சந்தேகமா? ‘கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?’ என்பதற்குப் பதிலோடு போங்கள்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த காலையில் நான் செய்ததில் பாதி சரி, பாதி தப்பு. பக்கவாதம், அதாவது ஸ்ட்ரோக் என்பது மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ரத்தக்கட்டியால் அடைபடுவது, அல்லது வெடித்து ரத்தம் கசிவது. நேரே செய்முறைக்குப் போகலாம்.

1. முதலில் சந்தேகப்படுங்கள்

அப்பா சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தார். இடது கை விரல்கள் பட்டனைத் தொட்டன, பிடிக்கவில்லை. மூன்றாவது தடவையும் நழுவியதும் கையை உதறிக்கொண்டு, “தூக்கத்துல கை அமுங்கியிருக்கும், சரியாயிடும்” என்று சிரித்தார். வாயின் ஒரு ஓரம் மட்டும்தான் சிரித்தது.

வலியே இல்லை என்பதுதான் ஏமாற்றும் விஷயம். மூளையின் வலது பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்குத் தன் இடது கை விளங்கவில்லை என்பதே உறைக்காது. அதனால் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று அவர் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

2. ஒரு நிமிடச் சோதனை

பல்லைக் காட்டிச் சிரிக்கச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? கண்ணை மூடி, உள்ளங்கை மேலே பார்க்க இரண்டு கைகளையும் நீட்டி, பத்து எண்ணும் வரை வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒரு கை தானாக இறங்குகிறதா? ஒரு சின்ன வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நாக்கு குழறுகிறதா, வார்த்தை மாறுகிறதா?

மூன்றில் ஒன்று இருந்தாலே போதும். திடீரென்று பார்வை மங்குவது, நடை தள்ளாடுவது, இதுவரை வராத மாதிரி மண்டையைப் பிளக்கும் தலைவலி, இவையும் அதே கணக்குதான். ‘திடீரென்று’ என்பதுதான் முக்கியம்.

3. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்

‘ஸ்ட்ரோக் மாதிரி இருக்கிறது’ என்று அந்தச் சொல்லையே சொல்லுங்கள். சொந்தக் காரா, ஆம்புலன்ஸா என்றால் நான் ஆம்புலன்ஸ் கட்சி. எந்த மருத்துவமனையில் ஸ்கேனும் சிகிச்சையும் உண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும், முன்கூட்டியே தகவலும் சொல்லலாம். வண்டி வரவே வழியில்லை என்றால் மட்டும் கார். அதையும் நோயாளி ஓட்டக் கூடாது.

4. நேரம் (நான் சறுக்கியது இங்கேதான்)

“எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?” என்று டாக்டர் கேட்டார். 6.50 என்றேன், பெருமையாக. “அதற்கு முன்னால் நன்றாக இருந்ததை யார் பார்த்தீர்கள்?” யாரும் இல்லை. நான் கடைசியாகப் பார்த்தது முந்தின இரவு 10.30க்கு, அவர் படுக்கப் போகும்போது.

அவர்களுக்கு வேண்டியது நாம் கண்டுபிடித்த நேரம் இல்லை. அவர் நன்றாக இருந்தார் என்று உறுதியாகத் தெரிந்த கடைசி நேரம். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாமதித்துப் போட்டால் பலன் குறையும், மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்து கூடும். இரவு 10.30 என்று கணக்கு வைத்தால் எங்களுக்கு அந்த நேரம் எப்போதோ தாண்டிவிட்டது.

அப்போதுதான் அப்பாவின் போனைத் திறந்து பார்த்தேன். காலை 6.05க்கு அக்காவுக்குப் பேசியிருக்கிறார், நாலு நிமிடம். அக்காவைக் கூப்பிட்டால், “நல்லாத்தானே பேசினார், வழக்கம்போல என்னைத் திட்டினார்” என்றாள். 6.05 என்றதும் கணக்கு மாறியது. அந்த நாலு நிமிடத்தைத் தேட எனக்கு இருபது நிமிடம் ஆனது. நீங்கள் ஆம்புலன்ஸ் வருவதற்குள் தேடிவிடுங்கள்: போன் அழைப்பு, கடைசியாக அனுப்பிய குரல் பதிவு, பக்கத்தில் படுத்திருந்தவர். கிடைத்ததும் பேனாவால் முன்கையில் எழுதிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் போன் கை மாறும், முன்கை மாறாது.

ஒருவேளை நேரம் தாண்டியிருந்தாலும் போகாமல் இருக்காதீர்கள். பெரிய ரத்தக்குழாய் அடைப்பு என்றால், குழாய் செலுத்தி ரத்தக்கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சையைத் தகுந்தவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள்.

5. வண்டி வரும் வரை

தண்ணீர், சாப்பாடு, மாத்திரை எதுவும் வாயில் வேண்டாம். விழுங்கும் தசையும் செயலிழந்திருந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தியோ மயக்கமோ இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றுவிட்டால், ஆம்புலன்ஸ் எண்ணில் இருப்பவர் சொல்வதுபோல் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போடுங்கள், ரத்தத்தை இளக்கும் மாத்திரை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பிபி மெஷினைத் தேடி அலமாரியைக் கலைக்காதீர்கள்.

பின்சேர்க்கை: இரண்டு பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தார்கள். மாரடைப்புக்குத் தருவதுபோல் ஆஸ்பிரின் தரலாமா? கூடாது. அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதை மோசமாக்கும்.

இன்னொருவர், தன் அம்மாவுக்குக் கை மரத்து, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டதால் வீட்டிலேயே இருந்துவிட்டதாக எழுதியிருந்தார். அதைத்தான் மினி ஸ்ட்ரோக் என்கிறார்கள். பெரியது வரும் ஆபத்து அடுத்த இரண்டு நாட்களில்தான் மிக அதிகம். கை சரியாகிவிட்டாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று அவருக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.