பேதிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல்: அளந்து கலப்பது எப்படி, அளவு ஏன் முக்கியம்

வயிற்றுப்போக்கு வந்தால் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். சர்க்கரை தெம்புக்கு என்று நினைத்து நானே கை நிறைய அள்ளிப் போட்டிருக்கிறேன். அது தெம்புக்கு இல்லை, உப்பைக் குடலுக்குள் கூட்டிக்கொண்டு போகிற ஆள். இது புரிந்துவிட்டால் அளவு தானாக மனதில் நிற்கும்.

வீட்டில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் (இந்தக் கரைசலுக்கென்றே அளந்து கலந்து விற்கிற பொடி) இருந்தால் அதுதான் நல்லது. அதில் எழுதியிருக்கிற அளவு தண்ணீரில் முழு பாக்கெட்டையும் ஒரே தடவையில் கரையுங்கள், பாதி பாதியாக வேண்டாம். பாக்கெட் கிடைக்காத ராத்திரிகளுக்குத்தான் மீதி.

படி 1: தண்ணீர்

கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், 1 லிட்டர். கண்ணளவு வேண்டாம், காலி லிட்டர் பாட்டிலில் அளந்துகொள்ளுங்கள்.

படி 2: உப்பு

தூள் உப்பு அரை டீஸ்பூன், தலை தட்டி. கல் உப்பில் நடுவே இடைவெளி இருப்பதால் அளவு தவறிவிடும்.

வெறும் தண்ணீர் போதாதா என்றால், போதாது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் சுமார் 42 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள்ளே, மீதி வெளியே. வெளியே இருப்பதைப் பிடித்து வைப்பது உப்பில் இருக்கிற சோடியம். பேதியில் தண்ணீரும் சோடியமும் சேர்ந்தே போகின்றன. அப்போது வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால், ரத்தத்தின் அளவு குறைந்ததைக் கண்டுகொண்ட மூளை ஏ.டி.எச். ஹார்மோனை விட, சிறுநீரகம் அந்தத் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைக்க, இருக்கிற கொஞ்ச நஞ்ச உப்பும் நீர்த்துப்போய், தண்ணீர் செல்களுக்குள் புகுந்து மூளைச் செல்கள் ஊத ஆரம்பிக்கும். சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பு வரைக்கும் கொண்டுபோய் விடும்.

படி 3: சர்க்கரை

6 டீஸ்பூன், இதுவும் தலை தட்டி. (சில ஊர்களில் சர்க்கரை என்றால் வெல்லத்தூள். நான் சொல்வது வெள்ளைச் சீனியை.)

நாம் குடிப்பதும் உடம்பே சுரப்பதுமாக ஒரு நாளைக்கு 8, 9 லிட்டர் நீர் குடலுக்குள் வருகிறது, மலத்தில் போவது 200 மில்லிக்கும் குறைவு. மீதியெல்லாம் உறிஞ்சப்படுகிறது. குடல் சுவரில் ஒரு புரதம் கதவு மாதிரி இருக்கிறது: ஒரு குளுக்கோஸும் இரண்டு சோடியமும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும், அவை உள்ளே போனதும் தண்ணீர் பின்னாலேயே போகும். காலராவில் கூட இந்தக் கதவு கெடுவதில்லை என்பதுதான் அதிர்ஷ்டம். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையில் பங்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த நீரை டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் போல இறந்துகொண்டிருந்த இடத்தில் அது நான்குக்கும் கீழே இறங்கியது.

அந்த 6 டீஸ்பூன் கணக்கு இதுதான்: உலக சுகாதார நிறுவனத்தின் 2002 ஓ.ஆர்.எஸ். கலவையில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ். வீட்டுச் சீனி குடலில் உடையும்போது பாதிதான் குளுக்கோஸ், எனவே இரு மடங்கு போல, சுமார் 25 கிராம் வேண்டும். அதற்கு மேல் அள்ளிப் போட்டால் உறிஞ்ச முடியாத சர்க்கரை குடலிலேயே நின்று உடம்பிலிருக்கிற தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும், பேதி அதிகமாகும். பாட்டில் குளிர்பானமும் அதனால்தான் ஆகாது.

படி 4: ருசி

கலக்கி ஒரு வாய் பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கவும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

படி 5: கொடுப்பது

ஒவ்வொரு தடவை போன பிறகும் 2 வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, 10 வயது வரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்கள் வேண்டிய மட்டும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, அப்புறம் ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குடித்தும் பேதி நிற்கவில்லையே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இது பேதியை நிறுத்துவதற்கில்லை, போனதை ஈடுகட்டுவதற்கு.

படி 6: பொட்டாசியம்

வீட்டுக் கரைசலில் இது இல்லை. ஆனால் நீர் குறைந்த உடம்பு ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை விட்டு சோடியத்தைப் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளுகிறது, பேதியிலும் அது போகிறது, இரட்டை நஷ்டம். கூடவே வாழைப்பழமோ இளநீரோ கொடுங்கள். இளநீரை மட்டும் நம்ப வேண்டாம், அதில் சோடியம் குறைவு.

சிறுநீரக, இதய நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். மலத்தில் ரத்தம், குழிவிழுந்த கண், அசந்து கிடப்பது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாக அமுங்குவது, இவற்றில் எது இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சிறுநீரையும் கவனியுங்கள். நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விடுகிற சிறுநீரகம், ஆறு மணி நேரமாக ஒரு சொட்டும் விடவில்லை என்றால் இன்னொரு டம்ளர் கலக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரம் இல்லை அது.