கத்திரி வெயிலில் மக்காச்சோளம்: பார்ப்பதில் நாம் செய்யும் தவறுகள்

மாசிக் கடைசியில் விதைத்த மக்காச்சோளம், செங்குன்றம், பொன்னேரிப் பக்கமெல்லாம் சரியாகக் கத்திரி தொடங்கும் நேரத்தில் பூவெடுக்கும். விளைச்சலைத் தீர்மானிக்கிற நாட்கள் அவை. அந்த நாட்களில் பயிரைத் தவறான நேரத்தில் பார்த்துவிட்டுத் தவறான முடிவெடுப்பதுதான் நம்மிடம் அதிகம் நடக்கிறது.

மதியம் இரண்டு மணிக்கு வயலுக்குப் போனால் இலையெல்லாம் குழல் மாதிரி சுருண்டிருக்கும். பார்த்ததும் மனசு பதறும், உடனே மோட்டாரைப் போடுவோம். ஆனால் பயிர் தன் ஈரத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அப்படிச் சுருட்டிக்கொள்கிறது. கடல் காற்று ஏறிப் பொழுது சாயும்போது இலை விரிந்துவிட்டால் வேரில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். காலை ஆறு மணிக்கும் சுருண்டே நின்றால்தான் அது தாகம், அன்றைக்கே தண்ணீர் கட்ட வேண்டும். சந்தேகம் என்றால் செடி ஓரத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டி மண்ணைப் பிடித்துப் பாருங்கள்.

இதைப் பட்டுத்தான் கற்றேன். ஒரு வருஷம் மதியச் சுருட்டலைப் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் விட்டேன். எங்களுடையது களிமண், தண்ணீர் தேங்கியது, அடியிலை மஞ்சளானது. தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு என்று யூரியாவும் போட்டேன். மூச்சுத் திணறும் வேரால் அதை எடுக்க முடியவில்லை. மஞ்சளிலும் வகை உண்டு. அடியிலையின் நுனியில் தொடங்கி நடுநரம்பு வழியாக உள்ளே இறங்கினால் தழைச்சத்துக் குறைவு. இலை ஓரம் மட்டும் தீய்ந்தால் சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறைவு. இளம் இலையின் அடிப்பகுதியில் வெளிறிய பட்டை தெரிந்தால் துத்தநாகம். அதோடு, தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

பூக்கும் பத்துப் பதினைந்து நாட்களில் மட்டும் பொறுமை கூடாது, நிலம் காயவே விடக் கூடாது. கதிரிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு பட்டு நூலும் உள்ளே ஒரு சோள மணியோடு இணைந்திருக்கிறது. நூலில் மகரந்தம் விழாவிட்டால் அந்த இடம் பொக்கை. உச்சியில் இருக்கும் ஆண்பூ பெரும்பாலும் காலையில், பனி உலர்ந்த பிறகு தூளை உதிர்க்கும். வெயில் 35 டிகிரியைத் தாண்டி ஏற ஏறத் தூளின் உயிர் குறையும், ஈரமில்லாத செடியில் நூலும் காய்ந்துபோகும். சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. மேற்குக் காற்று வலுத்துக் கடல் காற்று தாமதிக்கும் நாட்களைத்தான் கவனிக்க வேண்டும். தூள் உதிரும் காலை வேளையில் மருந்து அடிப்பதும் பெரிய தவறு. மகரந்தம் எடுக்க வரும் தேனீக்கள் அப்போதுதான் பூவில் இருக்கும்.

மணி பிடித்ததா என்று அறுவடை வரை காத்திருக்க வேண்டாம். பூத்து ஒரு வாரம் கழித்து ஒரு கதிரை ஒடித்து, நூல் அறாமல் மடலைப் பதமாகக் கிழித்து, கதிரை மெல்லக் குலுக்குங்கள். கருவுற்ற மணியின் நூல் தானாக உதிரும். ஒட்டிக்கொண்டே இருக்கும் நூல் எத்தனையோ, அத்தனை மணி போயிற்று. அடிப்பகுதி நூல்கள் முதலிலும் நுனி நூல்கள் கடைசியிலும் வருவதால், நுனி மட்டும் பொக்கை என்றால் பிற்பகுதியில் பயிர் வாடியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

வரப்பில் நின்று பார்ப்பது அடுத்த தவறு. 2018இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு வரப்பிலிருந்து தெரியாது. பூவெடுப்பதற்கு முன்பே உள்ளே இறங்கி, நாலைந்து இடத்தில் பத்துப் பத்துச் செடியின் குருத்தை விரித்துப் பாருங்கள். ஈரமான மரத்தூள் போன்ற எச்சம் கிடக்கும். புழுவின் தலையில் தலைகீழ் ஒய் (Y) குறி, வால் பக்கம் சதுரமாக நாலு புள்ளி இருந்தால் அதுதான். புழு பெருத்துக் குருத்துக்குள் ஒளிந்துவிட்டால் மருந்து அதைத் தொடாது.

கோயம்பேட்டுக்கோ மெரினா தள்ளுவண்டிக்கோ பச்சைக் கதிராக அனுப்புகிறவர்கள் மடல் காயும்வரை விடக் கூடாது. நூல் வந்து சுமார் இருபது நாளில், நூல் பழுப்பாகி மடல் பச்சையாக இருக்கும்போதே ஒரு மணியை நகத்தால் குத்துங்கள். தண்ணீராக வந்தால் இன்னும் சில நாள் விடலாம். மாவாக வந்தால் காலம் கடந்துவிட்டது. பாலாகத் தெறித்தால் மறுநாள் விடியற்காலையிலேயே ஒடித்து, வெயில் ஏறுவதற்குள் வண்டியில் ஏற்றிவிடுங்கள்.