ஈஸ்ட்டில் ஆக்டின் மரபணுவைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கெடா மாநிலத்தின் பீடோங் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய எங்கள் ஆய்வுக்கூடத்திற்கு ஆண்டுதோறும் வரும் இறுதியாண்டு மாணவர்கள், முன்பு வந்தவர்கள் இடறிய இடங்களிலேயே இடறுவதைப் பார்க்கிறேன். தட்டில் பெயர் எழுத மறப்பது போன்றவை ஒரு வாரத்தில் தாமாகத் திருந்திவிடும். மாதக்கணக்கில் உழைப்பைத் தின்னும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

வளர்ந்த காலனியை உடனே நம்புதல்

உயிரணுச் சட்டகப் புரதமான ஆக்டினுக்கு ஈஸ்ட்டில் ஏசிடி1 என்ற ஒரே மரபணுதான் உண்டு. அதில் பழுதுள்ள சில ஈஸ்ட் வகைகள் 25 பாகை செல்சியஸில் வளர்ந்து, 37 பாகையில் மடியும். அவற்றுள் மரபணு நூலகத்தின் பிளாஸ்மிட்டுகளை, அதாவது ஈஸ்ட் மரபணுத் துண்டுகளைச் சுமக்கும் சிறு டிஎன்ஏ வளையங்களை, செலுத்தி, 37 பாகையில் பிழைப்பவற்றிலிருந்து மரபணுவை மீட்பது பழகிய வழி. தட்டைத் திறந்தால், ஊசிமுனைப் புள்ளிகளுக்கு நடுவே வெண்ணெய் நிறத்தில் ஒரு காலனி தடித்து நிற்கும். "டாக்டர், கிடைத்துவிட்டது!" என்று ஓடிவரும் மாணவர், அன்றே பிளாஸ்மிட்டைப் பிரித்து வரிசையறிய அனுப்பிவிடுகிறார். வந்து சேர்வதோ ஆக்டினுக்குத் தொடர்பே இல்லாத மரபணு. அதற்கு ஒரு விளக்கம் தேடியே அரையாண்டு போய்விடுகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது, ஏனெனில் ஒரே வாரத்தில் முடியும் சோதனை ஒன்று இதைத் தடுத்திருக்கும்.

காரணம் நம் ஊர் வெப்பம். இங்கே வெள்ளியும் சனியும் விடுமுறையாதலால், வியாழன் மாலை குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டுப் போனால், மேசைமேல் இருக்கும் வளர்ப்பு இரண்டு நண்பகல்களை 32 பாகையில் கழிக்கிறது. குளிரூட்டும் வசதியில்லாத இன்குபேட்டரை 25க்குத் திருப்பி வைத்தாலும், அது அறை வெப்பத்திற்குக் கீழே இறங்காது. முற்றிய வளர்ப்பில் மில்லிலிட்டருக்கு 10 கோடி உயிரணுக்கள் இருக்கும். அவற்றுள் தற்செயலாகப் பழுது நீங்கியவையும், வேறொரு மரபணுவின் மாற்றத்தால் அதைச் சமாளித்தவையும் அந்த வெப்பத்தில் மற்றவற்றை முந்திப் பெருகுகின்றன. அவை 37 பாகையில் வளர்வதற்குப் பிளாஸ்மிட்டே தேவையில்லை.

அந்த ஒரு வாரச் சோதனை இதுதான்: பிளாஸ்மிட்டில் யூரா3 என்ற அடையாள மரபணு இருந்தால், அது உள்ள உயிரணுக்களைக் கொல்லும் 5-எஃப்ஓஏ என்ற வேதிப்பொருள் கலந்த தட்டில் காலனியை வளர்த்து, பிளாஸ்மிட்டை இழக்கச் செய்யுங்கள். பிளாஸ்மிட் போன பின்பும் 37 பாகையில் வளர்ந்தால் அது நீங்கள் தேடியது அன்று. மடிந்தால், மீட்ட பிளாஸ்மிட்டை, உறைபெட்டியிலிருந்து புதிதாக எடுத்த அதே பழுதுள்ள வகையில் மறுபடி செலுத்திப் பாருங்கள். ஒப்பீட்டுக்கு வெற்றுப் பிளாஸ்மிட்டையும் உடன் வையுங்கள். பிறகும் ஒரு படி உண்டு: ஏசிடி1க்கும் டியூபி2 என்ற மரபணுவுக்கும் இடையே ஒய்பிடி1 என்ற இன்னொரு மரபணு இருக்கிறது. நீண்ட துண்டில் மூன்றும் சேர்ந்தே வரக்கூடும் என்பதால், துண்டைச் சிறிதாக்கி, உயிரணுவைப் பிழைக்க வைத்தது எது என்று பிரித்தறிய வேண்டும்.

பழுதைச் சமாளித்தவற்றை எறிந்துவிடவும் வேண்டாம். ஆக்டின் இழைகளைக் கட்டும் புரதத்துக்குரிய எஸ்ஏசி6 மரபணு அத்தகையவற்றைத் தேடியபோதுதான் வெளிப்பட்டது.

ஒற்றைமய உயிரணுவில் மரபணுவை நீக்குதல்

ஏசிடி1 இன்றி ஈஸ்ட் வாழாது என்பது 1982இலேயே காட்டப்பட்டது. ஆகவே ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரே பிரதி உள்ள ஒற்றைமய உயிரணுவில் நீக்க முயன்றபின் எஞ்சும் காலனிகள், பெரும்பாலும் நீக்குவதற்காகச் செலுத்திய டிஎன்ஏ துண்டு வேறிடத்தில் ஒட்டியவையே. இரு பிரதிகள் உள்ள இரட்டைமய உயிரணுவில் ஒரு பிரதியை மட்டும் நீக்கி, வித்துகளைப் பிரித்து, நான்கில் இரண்டு மட்டும் பிழைக்கின்றனவா என்று பாருங்கள்.

இன்ட்ரானை மறத்தல்

புரதம் உருவாகுமுன் வெட்டி நீக்கப்படும் இடைத்துண்டே இன்ட்ரான்; ஏசிடி1 மரபணுவின் தொடக்கத்திலேயே அது இருக்கிறது. ஆக்டினைப் பாக்டீரியாவில் உருவாக்க முயன்றால், பாக்டீரியா அதை வெட்டி நீக்காது. இன்ட்ரான் நீங்கிய ஆர்என்ஏவிலிருந்து படியெடுத்த டிஎன்ஏவான சிடிஎன்ஏவைப் பயன்படுத்துங்கள்.

ஆக்டினிலேயே ஜிஎஃப்பியை ஒட்டுதல்

பச்சையாக ஒளிரும் புரதமான ஜிஎஃப்பி ஒட்டிய ஆக்டின் மட்டும் இருந்தால் உயிரணு பிழைக்காது. ஆக்டினுடன் பிணையும் புரதமான ஏபிபி1இல் ஒட்டுங்கள்.

நிறமேற்றல்

ஆக்டின் இழைகளில் ஒட்டிக்கொள்ளும் ஃபாலாய்டினைப் பயன்படுத்துவதானால், உயிரணுக்களை உள்ளபடியே நிலைநிறுத்த மெத்தனால் கூடாது. ஃபார்மால்டிஹைடை வளர்ப்பிலேயே நேராக ஊற்றுங்கள். அதற்குமுன் உயிரணுக்களைச் சுழற்றிக் கழுவினால், குளுக்கோஸ் கிடைக்காத அந்தச் சில நிமிடங்களிலேயே ஆக்டினின் அமைப்பு கலைந்துவிடும்.