விளையாட்டின் நடுவே கணினி உறைந்தால்

விளையாடத் தொடங்கிய 20 நிமிடத்தில் திரை அப்படியே நின்றுவிடுகிறதா? விண்டோஸை மறுபடி நிறுவ அவசரப்படாதீர்கள். முதலில் சூட்டைச் சந்தேகியுங்கள். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து பாருங்கள். என் வீட்டுக் கணினியில் பிராசசர் விசிறிக்கு அடியில், அலுமினியத் தகடுகளுக்கு இடையே, தூசி கம்பளி போலப் படிந்திருந்தது. மென்மையான பிரஷ்ஷால் தட்டி, காற்றடித்து எடுத்தேன். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாடின்றிச் சுழன்றால் பேரிங் கெட்டுவிடும். பழைய கணினி என்றால் பிராசசரின் சூட்டைத் தகடுகளுக்குக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள்.

பிறகு விளையாடிக்கொண்டே, வெப்பநிலை காட்டும் மென்பொருளில் பிராசசரின் சூட்டைக் கவனியுங்கள். 80 டிகிரி செல்சியஸைத் தாண்டாமலேயே உறைகிறது என்றால் கோளாறு வேறு இடத்தில். மறுபடி மின் இணைப்பைத் துண்டித்து, ராம் எனும் நினைவக அட்டையைக் கழற்றி, அழுத்திப் பொருத்திப் பாருங்கள். அடுத்து கிராபிக்ஸ் அட்டையை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவரையும், கடைசியாக பவர் சப்ளையையும் சோதியுங்கள்.