ஏர் ரைபிள் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு: எதை முதலில் வாங்குவது, எப்படித் தூக்கிப் போவது

10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளி தருகிற பொட்டு 0.5 மில்லிமீட்டர்தான். பென்சில் முனையால் ஒருமுறை தொட்டு எடுத்த அளவு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019 ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது இந்தப் பொட்டைச் சுட்டுத்தான். ஐந்து கிலோ அளவுக்கு எடையுள்ள ரைபிளை நின்றபடி தாங்கி, 60 தடவை அதைக் குறிபார்க்க வேண்டும். உடம்பு ஆடினால் எவ்வளவு விலையுயர்ந்த ரைபிளும் கூடவே ஆடும்.

அதனால் வாங்கும் வரிசையைத் தலைகீழாக வையுங்கள். ரைபிள் கடைசியில் வரட்டும். முதல் சில மாதங்களுக்குக் கிளப் ரைபிள் தாராளமாகப் போதும்; அதன் தோளில் பதிகிற பட் பிளேட்டையும் கன்னம் சாய்கிற கன்னக்கட்டையையும் அவரவர் உடம்புக்கு ஏற்ற மாதிரி நகர்த்திக்கொள்ளலாம். காலணி, கையுறை, ஜாக்கெட் அப்படியில்லை. அடுத்தவர் அளவில் பழகினால் நிற்கும் நிலையே தப்பாகப் படிந்துவிடும், பிறகு திருத்துவது பெரும்பாடு.

படி 1: பாதுகாப்புக் கொடி

எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்க வேண்டியது இதுதான். விலையும் மிகக் குறைவு. குழலுக்குள் பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) இல்லை என்பதைத் தூரத்தில் நிற்பவருக்கும் காட்டுகிற பளிச்சென்ற ஆரஞ்சு நிறக் கயிறு அல்லது கம்பி. ஏர் ரைபிளுக்குக் குழல் முழு நீளமும் ஓடுகிற கொடிதான் செல்லும் என்பது சர்வதேச விதி.

புல்வெட்டும் எந்திரத்தில் போடுகிற நைலான் இழையை வைத்தே செய்துகொள்ளலாம். 2.4 முதல் 3 மி.மீ. தடிமன் சரியாக இருக்கும். குழல் நீளத்தை அளந்து, இரு பக்கமும் ஐந்து சென்டிமீட்டராவது வெளியே தெரிகிற மாதிரி வெட்டுங்கள். கத்தரித்த முனை கூராக இருக்கும். அதை நெயில் ஃபைலால் உருட்டித் தேய்த்துவிடுங்கள். நெருப்பில் காட்டி உருட்டினால் முனை குமிழாகித் தடித்துப்போகும், 4.5 மி.மீ. குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். புதியவர்களிடம் அடிக்கடி நடக்கிற தவறு இது.

படி 2: காலணி

தட்டையான அடிப்பாகம் உள்ள துப்பாக்கிச்சுடும் காலணி. முன்பக்க அடியின் தடிமன் 10 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, பாதத்தின் முன்பகுதியில் வளையவும் வேண்டும். கடையில் போட்டுப் பார்க்கும்போது நாலடி நடந்து பாருங்கள். குதிகால் தரையை விட்டு எழும்பும்போது அடிப்பாகம் மடங்காமல் பலகை மாதிரி நின்றால் போட்டியின் உபகரணப் பரிசோதனையில் தள்ளிவிடுவார்கள். பயிற்சியில் போடுகிற அதே காலுறையோடு அளவு பாருங்கள். விரல்கள் மடங்காமல் விரிந்து நிற்க வேண்டும்.

படி 3: கையுறை

வலக்கையால் சுடுகிறவருக்கு இடக்கைக்கு மட்டும். ரைபிளின் எடை முழுவதும் இந்தக் கையில்தான் இறங்குகிறது. உள்ளங்கைப் பக்கமும் புறங்கைப் பக்கமும் சேர்த்து அளந்தால் மொத்தத் தடிமன் 12 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். மணிக்கட்டைத் தாண்டி 50 மி.மீ.க்கு மேல் நீளக் கூடாது. மணிக்கட்டில் வேல்க்ரோ பட்டை போட்டு இறுக்குகிற கையுறை கண்ணுக்கு உறுதியாகத் தெரியும், ஆனால் அந்தப் பட்டைக்கு அனுமதி கிடையாது. வாங்காதீர்கள்.

படி 4: ஜாக்கெட்

பணமும் அதிகம் போகிறது, தவறும் அதிகம் நடக்கிறது இங்கேதான். கெட்டி கேன்வாஸும் தோலும் சேர்த்துத் தைத்த இந்த ஜாக்கெட் முதுகையும் இடுப்பையும் தாங்கிப் பிடிக்கிறது. துணியை மடிக்காமல் அளந்தால் தடிமன் 2.5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

அளவு பார்க்கும் முறை இது. உள்ளே பயிற்சியில் போடுகிற மெல்லிய பனியனோடு ஜாக்கெட்டைப் போட்டு, எல்லாப் பொத்தான்களையும் மாட்டுங்கள். சுடும் நிலையில் நின்று இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றுங்கள். முழங்கை எலும்பில் உட்காராமல் துணி மடிப்பின் மேல் வழுக்கினால் ஜாக்கெட் பெரிது. மூச்சை முழுதாக இழுக்கும்போது மார்பில் இறுகினால் சிறிது. பிறகு பொத்தான்களைக் கழற்றிவிட்டு, முன்பக்கம் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக இழுத்துப் பாருங்கள். வழக்கமாகப் பொத்தான் மாட்டும் இடத்தைத் தாண்டி இன்னும் 70 மி.மீ. மேலே ஏற வேண்டும். போட்டியில் இதை இழுவிசைக் கருவி வைத்து அளக்கிறார்கள். வளரும் பிள்ளைகள் தோற்றுப்போவது பெரும்பாலும் இந்த அளவில்தான்: போன வருடம் தாராளமாக ஏறிய ஜாக்கெட் இந்த வருடம் ஏறாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்த புதிய ஜாக்கெட் வேண்டாம். கிளப்பில் மூத்த பிள்ளைகள் விட்டுச்சென்ற நல்ல ஜாக்கெட் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பணம் பெல்லட்டுக்கு ஆகும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் ஜாக்கெட்டின் எதிரி வியர்வை. நனைந்த கேன்வாஸை மடித்துப் பையில் திணித்தால் விறைப்பு போய்விடும், தோல் பூஞ்சை பிடிக்கும். பயிற்சி முடிந்ததும் அகலமான மர ஹேங்கரில் போட்டு நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும். துவைக்கவே கூடாது.

துப்பாக்கிச்சுடும் கால்சட்டையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

படி 5: பிளைண்டர்

குறிபார்க்காத கண்ணை இறுக மூடினால் முகத் தசை சோர்ந்துபோகும், அந்த இறுக்கம் மற்றக் கண்ணையும் பாதிக்கும். பின்பக்கக் குறிபார்வையில் மாட்டுகிற 30 மி.மீ. அகலப் பட்டை போதும், கண்ணைத் திறந்தே வைக்கலாம். கறுப்பு வேண்டாம், வெளிச்சம் ஊடுருவும் வெள்ளைப் பிளாஸ்டிக் வாங்குங்கள். ஒரு கண்ணை இருட்டாக்கினால் இரண்டு கண்ணின் பாவையும் விரியும், குறி கலங்கும்.

தோள் வார் வாங்க ஆசைப்படாதீர்கள். நின்று சுடும் 10 மீட்டர் போட்டியில் வாருக்கு இடமே இல்லை.

படி 6: பெல்லட்டும் சிலிண்டரும்

4.5 மி.மீ. தட்டைத்தலைப் பெல்லட், 0.53 கிராம் எடை, டப்பாவுக்கு 500. டப்பாவின் மேல் 4.49, 4.50 என்று தலை அளவு போட்டிருக்கும். தொடக்கத்தில் கிளப் ரைபிளுக்கு எது ஒத்துவருகிறது என்று கோச்சைக் கேட்டு அதையே தொடருங்கள். டப்பாவைப் பையின் அடியில் போட்டுக் குலுக்காதீர்கள். ஈயம் மெத்தென்றது, பெல்லட்டின் பாவாடை விளிம்பு நசுங்கினால் காற்று ஒரு பக்கமாகக் கசிந்து குண்டு விலகும். டப்பாவுக்குள் வட்டமாக வெட்டிய ஃபோம் துண்டு ஒன்றைப் போட்டு மூடினால் அசையாது. பெல்லட் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. பிள்ளைகளுக்கு இதைத் தினமும் சொல்லுங்கள்.

ரைபிளில் மாட்டுகிற காற்றுச் சிலிண்டரில் தயாரித்த மாதமும் வருடமும் பொறித்திருக்கும். 10 வருடம் கடந்ததைப் போட்டியில் விடமாட்டார்கள். பழைய ரைபிள் வாங்கும்போது முதலில் அந்த எழுத்தைப் படியுங்கள். காற்று நிரப்பும்போது வால்வை மெதுவாகத் திறந்து 200 பார் வரை ஏற்றுங்கள். வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகும், ஆறியதும் அழுத்தம் இறங்கிவிடும். சிலிண்டரின் மரையில் சாதாரண எண்ணெய் தடவுவது ஆபத்து: உயர் அழுத்தக் காற்றில் எண்ணெய் தீப்பற்றும். சிலிக்கான் கிரீஸ் மட்டுமே, அதுவும் ரப்பர் வளையத்தில் லேசாக.

படி 7: கேஸ்

இந்தியாவில் 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்குள் அடங்கும் ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. என்றாலும் வாங்கிய ரசீதின் நகல், கிளப் அட்டை, அடையாள அட்டை மூன்றும் கேஸுக்குள் எப்போதும் இருக்கட்டும். வழியில் எந்தக் காரணத்துக்காகவும் கேஸைத் திறக்காதீர்கள். அதிகாரி கேட்டால் மட்டும் திறந்து காட்டுங்கள்.

துணிப்பை வேண்டாம், பூட்டுப் போடும் கெட்டிப் பெட்டி வாங்குங்கள். ரைபிளின் முழு நீளத்தை அளந்து, உள்நீளம் அதைவிட ஐந்தாறு சென்டிமீட்டர் கூடுதலாகப் பாருங்கள். முட்டை அட்டை மாதிரி மேடுபள்ளமான ஃபோம் வந்தால் மாற்றிவிடுங்கள். மூடியை அழுத்தும்போது அந்த மேடுகள் குறிபார்வைக் கருவியை நெருக்கும், கூட்டி வைத்த அளவு நகர்ந்துபோகும். தட்டையான கெட்டி ஃபோமில் ரைபிளைக் கிடத்தி, சுற்றிக் கோடு போட்டு வெட்டுங்கள். ட்ரிகரைச் சுற்றி இரண்டு விரல் அகலம் காலி விடுங்கள். சிலிண்டருக்குத் தனிக்குழி, கழற்றிய குறிபார்வைக்கு இன்னொன்று.

விமானப் பயணமென்றால் சிலிண்டரின் காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள். ரைபிள் செக்-இன் சாமான்களோடுதான் போகும்.

ஃபோம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கடலோர ஊர்களில் நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள். ஏசி போட்ட ரேஞ்சிலிருந்து (சுடும் கூடம்) வீட்டுக்கு வந்த உடனே பெட்டியைத் திறந்தால் குளிர்ந்த இரும்பில் நீர் பூக்கும், அதிலிருந்து துரு. ஒரு மணி நேரம் மூடியே வைத்திருந்து, பிறகு திறந்து துடையுங்கள்.

கடைசியாக, பெட்டியின் வெளிப்பக்கத்தில் குழல்முனை இருக்கும் பக்கம் சிவப்பு டேப் ஒட்டி அம்புக்குறி வரையுங்கள். ரேஞ்சில் பெட்டியை வைக்கும்போது அம்பு இலக்கைப் பார்த்திருந்தால், மூடியைத் திறக்கும்போதே ரைபிளும் இலக்கைப் பார்த்திருக்கும். எடுத்துத் திருப்பும் வேலையே இல்லை, பக்கத்தில் நிற்பவர் மீது குழல் ஒரு நொடி கூடத் திரும்பாது. கொடி உள்ளேயே இருக்கட்டும். தயாரிப்பு நேரம் தொடங்குகிறது என்று ரேஞ்ச் ஆபீசர் அறிவித்த பிறகுதான் அதை உருவ வேண்டும்.